பட்டணத்தில் துரை யார்?

பேராக்கிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் நான் எழுதவில்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் நான்கு பக்கம், முத்து முத்தான கையெழுத்து.

மூன்று தலைமுறையாக அவர்கள் பால் வெட்டிய தோட்டம் கைமாறிவிட்டதாம். லயத்தை விட்டுக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் சேமநிதிப் பணத்தையும் மகனின் தொழிற்சாலைச் சம்பளத்தையும் சேர்த்துப் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பணம் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அங்கேதான் சகோதரிக்கு ஒரு கவலை.

"அண்ணா, அந்தத் தாமான் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஏறும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். ஏறவே ஏறாது என்று வீடு விற்கிறவர் சத்தியம் செய்கிறார். தோட்டமாக இருந்தால் கிராணியாரிடமோ மானேஜரிடமோ போய்க் கேட்டுவிடுவோம். பட்டணத்தில் யாரைக் கேட்பது? அங்கே துரை யார்?"

சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பகுதியில் பிள்ளை வளர்ப்பு, சிக்கனம், கோயில் திருவிழா என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதியதில்லை.

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, லயத்துக் கூரை ஒழுகுகிறதா, கால்வாய் அடைத்துக்கொண்டதா, பிள்ளைக்குக் காய்ச்சலா, காலையில் பெரட்டில் மண்டோரிடம் சொன்னால் போதும். மண்டோர் கிராணியாரிடம் சொல்வார், கிராணியார் ஆபீசில் சொல்வார். வேலை நடந்ததா இல்லையா என்பது வேறு கதை. பல தோட்டங்களில் நடக்கவில்லை என்பதும், ஒரு குழாய்க்காக மூன்று வருஷம் காத்திருந்தவர்கள் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இருந்ததில்லை. 1966-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும், அதற்குப் பின் 1990-இல் வந்த சட்டமும் வீடு, தண்ணீர், சுகாதாரம் எல்லாவற்றையும் தோட்ட முதலாளியின் தலையில்தான் வைத்தன. தோட்டம் தனியார் நிலம். பட்டணத்து நகராண்மைக் கழகம் அந்த வேலிக்குள் கால் வைப்பது அபூர்வம்.

அதனால்தான் பட்டணத்துக்கு வந்த நம் ஜனங்களில் பலர் பத்து வருஷம் கழித்தும் ஒரு துரையைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். என் குடும்பமும் அப்படித்தான் தேடியது.

நாங்கள் ஒரு தாமானுக்குக் குடிவந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் ஒரு லொங்கான் இருந்தது. மழை வந்தால் அது குசினிக்குள் எட்டிப் பார்க்கும். அம்மா உயிரோடிருந்த காலம். தோட்டத்துப் பழக்கத்தில் அம்மா செய்த முதல் காரியம், தெருவில் கூட்டிக்கொண்டிருந்த தொழிலாளியைக் கூப்பிட்டு, ஒரு கோப்பை காப்பி கொடுத்து, "தம்பி, ஒங்க பெரியவர்கிட்ட சொல்லுப்பா" என்றதுதான். அவரும் சொல்லியிருப்பார், பாவம். நடக்கவில்லை. நான் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். சின்ன லொங்கான்தான் எங்களுடையது, அது போய் விழுகிற பெரிய கால்வாய் இன்னோர் இலாகாவுடையது என்றார்கள். அந்த இலாகாவுக்குப் போனேன். கால்வாய் சரிதான், அதன்மேல் போகிற சாலையின் அடியில்தான் அடைப்பு, சாலை எங்களுடையதல்ல என்றார்கள். சாலைக்காரர்களிடம் போனேன். அடைப்பு குப்பையால் வந்தது, குப்பை நகராண்மைக் கழகத்தின் வேலை என்றார்கள். சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றேன். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அம்மாவின் தையல் மெஷின் துருப்பிடித்துவிட்டது.

இந்தப் பிரிவினை அவர்கள் எனக்காகக் கண்டுபிடித்ததல்ல, சகோதரி. நாட்டில் வேலை பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும் விதமே அதுதான். தெருக் கால்வாய், தெரு விளக்கு, சந்தை, விளையாட்டுத் திடல், கட்டட அனுமதி ஆகியவை உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. ஆறும் வெள்ளத் தடுப்பும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. பெரிய சாலைகள் பொதுப்பணி இலாகாவுக்கு. குப்பை அள்ளும் வேலையும் 2011 முதல் சில மாநிலங்களில் நகராண்மைக் கழகத்தின் கையைவிட்டுக் கூட்டரசின் ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. மழைத்தண்ணீருக்கு மட்டும் இந்தப் பங்கீடு தெரியாது. அது எல்லா இலாகா வழியாகவும் ஓடி நம் குசினிக்கு வந்து சேர்ந்துவிடும்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நம் தலைநகரின் கதையைச் சொல்கிறேன். அதை அறிந்தால் உங்கள் பள்ளத்துத் தாமானின் கதை தானாகப் புரியும்.

கோலாலம்பூர் என்ற பெயரே சேற்றைப் பற்றியது. கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் முனையில், 1857-இல் ஈயம் தோண்ட வந்தவர்கள் இறங்கிய இடம் அது. ஆற்றங்கரையில் ஊர் கட்டினால் ஆறு அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுத்தான் போகும். 1881-இல் ஒரே வருஷத்தில் முதலில் நெருப்பு, பிறகு வெள்ளம். அத்தாப்புக் குடிசைகள் எரிந்தன, மிஞ்சியது தண்ணீரில் போனது. மறு வருஷம் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். நாம் மாலை வாங்கவும் தோசை சாப்பிடவும் போகிற அதே பிரிக்பீல்ட்ஸ். ஓர் ஊர் அடிபட்டு, அடுத்த அடிக்கு முன்னால் தன்னை மாற்றிக்கொண்டதற்குச் சாட்சியாக அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

1926-இல் பெரும் வெள்ளம். அதன் பிறகு 1971 ஜனவரி. அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் இருந்த தோட்டம் மேட்டில். மழை விடாமல் கொட்டியதால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அந்த அளவில் எங்களுக்கு முடிந்தது. கோலாலம்பூரிலோ ஆறு கரையைத் தாண்டிப் பட்டணத்தின் நடுவுக்கே வந்துவிட்டது. அங்கே மட்டும் 32 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்.

என் தாய்மாமா அப்போது பட்டணத்துத் துப்புரவு வேலையில் இருந்தார். செந்தூல் பக்கம் குவார்ட்டர்ஸ். தைப்பூசத்துக்கு வந்தபோது அவர் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தன. "தண்ணி ஒரு வாரத்துல வடிஞ்சிரும்டா. சேறு வடியாது. சேத்தை அள்ளத்தான் வேணும்" என்றார். கடைகளுக்குள் முழங்கால் உயரம் சேறு, அதற்குள் அரிசி மூட்டை, செத்த நாய், பிள்ளைகளின் பாடப்புத்தகம். அத்தனையையும் மண்வெட்டியால் வாரி லாரியில் ஏற்றியவர்கள் அவரும் அவரைப் போன்றவர்களும்தான். அந்தக் காலத்தில் பட்டணத்தைக் கூட்டிப் பெருக்கியவர்களில் நம் ஜனங்கள் ஏராளம். வெள்ளத்தைப் பற்றி எழுதிய எத்தனையோ கட்டுரைகளைப் படித்துவிட்டேன். மண்வெட்டி பிடித்தவர்களைப் பற்றி ஒரு பத்தி வந்தால் அதிகம்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையைக் கட்டினார்கள், பத்து அணை வந்தது. கடைசியில் 2007-இல் ஒரு சுரங்கம் திறந்தார்கள். ஸ்மார்ட் சுரங்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 9.7 கிலோமீட்டர் நீளம். அம்பாங் பக்கத்தில் கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை வாங்கி, பட்டணத்துக்கு அடியிலேயே கொண்டுபோய், தாமான் டேசா குட்டையில் விட்டு, அங்கிருந்து வெளியேற்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை. சுரங்கத்தின் நடுவில் ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குள் மோட்டார் சாலையும் இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு தட்டு, அதற்கும் அடியில் தண்ணீர் போகும் வழி. சாதாரண நாளில் கார்கள் ஓடும். நடுத்தர மழையில் கார்கள் மேலே ஓட, அடித்தட்டில் தண்ணீர் ஓடும். பெருமழை வந்தால் கார்களையெல்லாம் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, சுரங்கம் முழுவதையும் தண்ணீருக்கே விட்டுவிடுவார்கள். மழை நின்றதும் கழுவி மறுபடி கார்களுக்குத் திறப்பார்கள். ஒரே பாத்திரத்தில் காலையில் காப்பி, மத்தியானம் குழம்பு வைக்கிற நம் வீட்டுச் சிக்கனம்தான், செலவு மட்டும் கிட்டத்தட்ட 190 கோடி வெள்ளி.

நல்ல காரியம்தான். பட்டணத்தின் நடுவைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது காப்பது நடுப்பட்டணத்தை. ஆறு அங்கே முடிந்துவிடுவதில்லையே. கீழே ஷா ஆலாம், கிள்ளான் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். சுரங்கம் தன் வேலையைச் செய்தும் தலைநகரின் சில தெருக்களில் நீர் ஏறியது. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரப் பள்ளம். வீட்டின் கீழ்த்தட்டு மூழ்கி, மேல்மாடியிலும் கூரையிலும் ஜனங்கள் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். நம் குடும்பங்கள் நிறைய இருந்த இடம் அது. அந்த வெள்ளங்களில் நாடு முழுவதும் 54 பேர் இறந்தார்கள். புள்ளிவிவர இலாகா போட்ட கணக்கில் நஷ்டம் 610 கோடி வெள்ளி.

முதல் படகுகள் எங்கிருந்து வந்தன? பல தெருக்களுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து. மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், காயாக் வைத்திருந்த இளைஞர், லாரி டியூப்பைக் கட்டி மிதக்கவிட்டவர் என்று யார் யாரோ வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கிய சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் உணவுப் பொட்டலம் கட்டினார்கள். பள்ளிவாசலும் கோயிலும் கதவைத் திறந்து வைத்தன. மீட்பு தாமதமாக வந்தது என்று ஜனங்கள் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் நாடாளுமன்றம் வரை போனது. மக்கள் தொண்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நாம் புகழ்ந்துகொண்டே இருந்தால், வர வேண்டியவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க மறந்துவிடுகிறோம். டியூப்பில் மிதந்து வந்த தம்பிக்கு மாலை போடலாம். அந்தத் தம்பி வர வேண்டிய நிலை ஏன் வந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஏன் வந்தது? இதில் தோட்டத்து ஆளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் பட்டணத்து ஆளுக்குத் தெரியாது. கித்தா மரக்காட்டில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையில் விழும், சருகில் விழும், மண்ணை மூடிய கொடியில் விழும், சரிவில் வெட்டிய வரப்பில் தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே இறங்கும். அதே நிலத்தில் மரத்தைச் சாய்த்து, மண்ணைச் சீவி, தார் போட்டு, வீட்டுக்கு வீடு சிமெண்ட் பூசினால், விழுந்த மழை அத்தனையும் ஒரே நேரத்தில் ஓட்டமாக ஓடி லொங்கானுக்கு வருகிறது. லொங்கானின் அகலமோ பழைய கணக்குக்கு வெட்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் பால் வெட்டிய எத்தனையோ தோட்டங்கள் இன்று தாமான்களாக நிற்கின்றன. நம்மை வெளியே அனுப்பிய அதே வேலைதான், நாம் போய்ச் சேர்ந்த பள்ளத்துக்குத் தண்ணீரையும் அனுப்புகிறது. யோசித்தால் வயிறு எரிகிறது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகா 2001 முதல் ஒரு வழிகாட்டி நூலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாராம்சம் சுலபம். புதிதாகக் கட்டுகிறவர் தன் நிலத்து மழையைத் தன் நிலத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெதுவாக விட வேண்டும், அதற்குக் குட்டை வெட்ட வேண்டும், கீழே இருப்பவன் தலையில் கொட்டக்கூடாது. காகிதத்தில் குட்டை இருக்கும். அது வெட்டப்பட்டதா, வெட்டியது தூர்ந்துபோனதா, பத்து வருஷம் கழித்து அதன்மேலேயே கடைவீடு எழும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டியவர்கள் அனுமதி கொடுத்தவர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வந்துவிட்டோம். அனுமதி கொடுப்பவர் யார்? அவர்தானே துரை?

உங்கள் பட்டணத்தில் அது நகராண்மைக் கழகம். அதற்கு ஒரு தலைவர் இருப்பார், மாநகரமாக இருந்தால் டத்தோ பண்டார் என்பார்கள். அவருக்குக் கீழே 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்கள். இவர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஒரு தடவைக்கு அதிகம் போனால் மூன்று வருஷம்.

முன்பு ஓட்டு இருந்தது. இளைய தலைமுறைக்கு இது தெரியாது. மலாயாவில் மக்கள் போட்ட முதல் ஓட்டே உள்ளாட்சிக்குத்தான், 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுனில். அந்த ஊர் 1957 ஜனவரி 1-ஆம் தேதி மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் ஒரு தமிழர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். மின்சாரம், தண்ணீர், பட்டணத்து பஸ் எல்லாவற்றையும் அந்த மாநகர் மன்றமே நடத்திய காலம். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். நிலைமை சரியானதும் திரும்ப வரும் என்றார்கள். அதே வருஷம் உள்ளாட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதன் தலைவரும் நம்மவர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். ஊர் ஊராகப் போய் விசாரித்து, 1968 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். குறைகள் உண்டு, ஆனாலும் தேர்தல் திரும்ப வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-இல் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

ஓட்டு இல்லை என்பதால் யாரும் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செபராங் பிறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் அந்த நகராண்மைக் கழகத்துக்கு முதல் பெண் தலைவராக மைமுனா முகமட் ஷரிப் வந்தார். கோல பிலாவில் பிறந்தவர், நகரத் திட்டமிடல் படித்தவர். அவர் காலத்தில், 2012 முதல், பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து ஒரு புது ஏற்பாடு நடந்தது. அம்பாங்கான் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இதில் என்ன புதுமை என்கிறீர்களா? ஆண்களைத் தனியாக, பெண்களைத் தனியாக, முதியவர்களைத் தனியாக, இளையவர்களைத் தனியாகக் கேட்டார்கள். முதலில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, பிறகு சிறு கூட்டம் போட்டுப் பேச்சு, பிறகு எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று குடியிருப்பவர்களே வாக்களிப்பு, அதன் பிறகுதான் வேலை. ஜார்ஜ் டவுனில் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் இப்படியே செய்தார்கள். நம் லயத்துக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பேசுவது நான்கு ஆம்பளைகள். தண்ணீர் தூக்குவது யார், இருட்டில் மாடிப்படி இறங்குவது யார், அவர்களைக் கேட்டால் பட்டியலே மாறிவிடும். மைமுனா பிறகு 2018-இல் ஐக்கிய நாட்டு வாழ்விட அமைப்பின் தலைவராக நைரோபிக்குப் போனார். 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் முதல் பெண் டத்தோ பண்டாராகவும் பொறுப்பேற்றார்.

2013-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் உலகத்தில் நூறு பட்டணங்களைத் தேர்ந்து, பேரிடரில் அடிபட்டாலும் எழுந்து நிற்கும்படி திட்டம் போட உதவுவதாகக் கிளம்பியது. நம் மலாக்காவும் அந்த நூற்றில் ஒன்று. 2019-இல் அந்த ஏற்பாடே முடிந்துவிட்டது. இம்மாதிரி திட்டங்கள் தடித்த புத்தகமாக வரும். நான் ஒன்றிரண்டைப் புரட்டியிருக்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் பின்புற லொங்கான் எந்த இலாகாவுடையது என்பது மட்டும் அவற்றில் இல்லை.

அந்த லொங்கான் கடைசியில் எப்படிச் சரியாயிற்று என்று சொல்லவில்லையே. எதிர்வீட்டு மலாய் அக்காவும் கோடிவீட்டுச் சீன டைலரும் என்னோடு சேர்ந்தார்கள். மூன்று வீடு முப்பது வீடாகி, ஒரு குடியிருப்போர் சங்கம் பதிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டு எங்கள் பக்கத்துக் குப்பையை நாங்களே வாரினோம். அதை வாரும்போதுதான் சாலைக்கு அடியில் இருந்த குழாயே உடைந்திருப்பது கண்ணில் பட்டது. படம் எடுத்து, மூன்று அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை, மூவர் பெயரையும் மேலே எழுதி அனுப்பினோம். இது இன்னொருவர் வேலை என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி மற்ற இருவர் பெயரும் அதே தாளில் இருந்தது. நான்கு மாதத்தில் குழாய் மாறியது. அம்மா கூட்டுகிற தம்பிக்குத்தான் மறுபடி காப்பி கொடுத்தார். அவர் சொன்னதால்தான் நடந்தது என்பது அம்மாவின் கடைசிவரை நம்பிக்கை.

சரி, உங்கள் வீட்டு விஷயம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மழைநாள் சாயங்காலம் அந்தத் தாமானுக்குப் போய் நில்லுங்கள். வெயில் நாளில் எல்லாத் தாமானும் அழகுதான். பழைய வீடுகளின் மதிற்சுவரில் கறை கோடாக இருக்கிறதா, வாசலில் யாராவது புதிதாகப் படிக்கட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, குளிர்பெட்டியைச் செங்கல் அடுக்கி மேலே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விற்கிறவர் சொல்லாததைப் படிக்கட்டு சொல்லிவிடும். மாவட்ட வடிகால் நீர்ப்பாசன அலுவலகத்தில் அந்த இடத்தில் முன்பு வெள்ளம் ஏறியதுண்டா என்று எழுத்திலேயே கேளுங்கள். மகனிடம் கைப்பேசி இருக்கும். அந்த இலாகாவின் இன்போ பஞ்சிர் பக்கத்தில் பக்கத்து ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். நகராண்மைக் கழகத்தில் அந்த வட்டாரத்தின் நகரத் திட்ட வரைபடம் இருக்கும். குட்டை எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டிய இடத்துக்குப் போய்த் தண்ணீர் இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பேச்சுத் துணைக்குத் தொழிற்சங்கத்துப் பிள்ளைகள் யாரையாவது கூட்டிப் போனால் நல்லது.

வீடு வாங்கிவிட்டால் இன்னொன்று. வங்கி எடுக்கச் சொல்கிற அடிப்படைத் தீக் காப்புறுதி நெருப்புக்குத்தான். வெள்ளத்துக்குப் பணம் வேண்டுமானால் அதையும் சேர்த்த வீட்டுக் காப்புறுதி எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது வெள்ளம் இதில் அடங்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். 2021-இல் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கைவிரித்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டு வரி கட்டச் சொல்லி நகராண்மைக் கழகத்திலிருந்து பில் வரும். தோட்டத்தில் நாம் பார்த்திராத காகிதம் அது. கட்டிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். புகார் எழுதும்போது அதன் எண்ணை முதல் வரியில் போடுங்கள். அந்தக் கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மூடிய கூட்டம் என்று அவர்களே தீர்மானம் போட்டாலொழிய, போய்ப் பின் வரிசையில் உட்காரலாம். நான் ஒரு தடவை போனேன். என்னைத் தவிர வெளியாள் ஒருவர்தான் இருந்தார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

முன்பணத் தேதி வரும் மாதம் 15 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு மூன்று மழையாவது பெய்யும். பார்த்துவிட்டு அந்தப் படிக்கட்டுகளைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் சகோதரி. கடைக்காரர் சொன்னது மெய்யா, வீடு விற்கிறவர் சொன்னது மெய்யா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.